தொண்ணூற்றேழு புள்ளி நாலு

போட்டோ எடுக்கிற அன்றைக்குத்தான்
முகக்கவசத்தை இறக்கச் சொன்னேன்.
பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு.
சேரன்மகாதேவி, பங்குனி வெயில்.
வகுப்பறைக் கதவில் வாக்குச்சாவடி எண் எழுதியாகிவிட்டது.
திங்களிலிருந்து மறுபடி பூட்டு.

ஒரு நிமிசம், மூச்சை அடக்கிக்கோங்க என்றார்
பஜார் ஸ்டூடியோக்காரர்.
மூக்குகள் வந்தன. அரும்புமீசைகள் வந்தன.
தை மாசத்திலிருந்து கண்ணை மட்டும் வைத்து
நான் வரைந்து வைத்திருந்த முகங்களில்
ஒன்றுகூடச் சரியில்லை.
தாராவியிலிருந்து ஊர் திரும்பிய எபனேசருக்குக்
கன்னத்தில் குழி.
சாது என்று நினைத்திருந்த முப்பிடாதிக்குத்
தெத்துப்பல், எந்நேரமும் சிரிக்கிற வாய்.

முப்பத்தெட்டு பிரிண்ட், சரியா டீச்சர்?
முப்பத்தொன்பது என்றேன்.
அவர் விரலை நீட்டி மறுபடி எண்ணினார்.
கணக்கு டீச்சர் நான்.
அதற்குப் பிறகுதான் எண்ணினேன்.

ஏல, யாரு வரல?

ஒருத்தரும் பேசவில்லை.
ஜெபஸ்டின் மட்டும்
கவசத்தை மெல்ல மேலே ஏற்றினான்.

பெயர்களை மனப்பாடமாய்ச் சொல்லிக்கொண்டே போனேன்.
ஆறுமுகநயினார் என்றதும்
"உள்ளேன் டீச்சர்" என்றது
பின்வரிசையில் ஏதோ ஒரு தொண்டை,
பழக்கதோஷத்தில்.

திங்கள் ஜெபஸ்டின், செவ்வாய் அசன் மீரான்,
கன்னடியன் காலில் தண்ணீருக்கு வைக்கிற மாதிரி
முறை வைத்திருக்கிறார்கள்.
துணிக்குப் பின்னால்
எல்லாக் குரலும் எனக்கு ஒன்றுபோல்தான் இருந்தது.

எங்கே அவன் என்றால்
ஆளுக்கொரு துண்டாய்ச் சொன்னார்கள்.
"அவங்கப்பா ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போயி
திரும்பல டீச்சர், புரட்டாசில."
"மொதல்ல செங்கச்சூளைக்குப் போனான்."
"இப்பம் பிசான நெல்லு வருதுல்லா,
கொள்முதல்ல மூடை தூக்குதான்."
"பேரை அடிச்சிருவியளோன்னுதான்..."

இந்த வருசம் வருகை கட்டாயமில்லை என்ற சுற்றறிக்கை
என் மேசை இழுப்பறையில் கிடந்தது,
துத்தநாக மாத்திரை அட்டைகளுக்கு அடியில்.
வாசித்துக் காட்டினால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று
நான்தான் வாசிக்கவில்லை.
மாத்திரையும் முப்பத்தொன்பது பேருக்குக் கொடுத்து
முப்பத்தொன்பது கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

காய்ச்சல் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னேன்.
தினமும் வாசலில் நின்று
நெற்றி நெற்றியாய்க் கருவி காட்டி எழுதியது பிரம்மசக்தி.
இல்லாத நெற்றிக்கு
தொண்ணூற்றேழு புள்ளி நாலு.
மறுநாளும்.
பக்கம் புரட்டினால் அங்கேயும்.
பிப்ரவரி பதினாறில் மட்டும்
தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்று.

பொய் எழுதுதவ ஒண்ணுபோல எழுத வேண்டியதுதானட்டி,
இது என்ன?

"அன்னைக்கு அவனுக்கு நெசமாவே
மேலு சுட்டுது டீச்சர்.
மாத்திரை குடுக்கப் போனேன்லா,
தொட்டுப் பாத்தேன்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள்.
யாரும் சிரிக்கவில்லை.
வெயில் ஏறுது டீச்சர் என்றார் ஸ்டூடியோக்காரர்.

எடுத்தோம்.
நடு வரிசையில், ஜெபஸ்டினுக்கும் அசனுக்கும் இடையில்
ஓர் ஆள் அகலத்துக்கு வேப்பமரத்தின் பட்டை தெரிகிறது.
யாரும் சொல்லி நிற்கவில்லை அப்படி.
சமூக இடைவெளியை நல்லாக் கடைப்பிடிச்சிருக்கீங்க என்று
தலைமையாசிரியர் பாராட்டினார்.

மத்தியானம் தேர்ச்சிப் பட்டியல் எழுதினேன்.
மேலிருந்து கீழ்வரை ஒரே சொல்.
அவனுக்கு எழுதும்போதுதான்
கை கொஞ்சம் அழுத்திவிட்டது.

நாலரை மணிக்குப் பதிவேட்டை மூடப் போனால்
இன்றைய கட்டம், அவன் பெயருக்கு நேரே,
காலியாக இருந்தது.
பிரம்மசக்தி எனக்கென்று விட்டுவைத்தாளா
மறந்துவிட்டாளா, கேட்கவில்லை.
பேனாவைத் திறந்து
மூடினேன்.

கொள்முதல் நிலையம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்,
ஸ்கூட்டியில் ஐந்து நிமிசம்.
கருவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.
பேட்டரியில்
ஒரு கோடு மிச்சமிருந்தது.