எழுபத்திரண்டு சட்டகங்கள்

படம் திரைக்கு வருவதற்கு முந்தின இரவு
ப்ரொஜக்டர் அறைக்கு ஏறி வந்தான் டொகிஷிகே.
இவாமுரோ குடும்பத்தின் கடைசி அடியாள்.
கார் ஓட்டுவான். கடன் வசூலுக்குக் கூடப் போய்
வாசலிலேயே நிற்பான்.
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தான்,
என் அறைக்குள் யாரும் அப்படி வந்ததில்லை.

"அக்கா, நாலாவது ரீலில் நான் இருக்கிறேன்."

போன குளிர்காலம் கியோட்டோவிலிருந்து ஒரு கம்பெனி வந்து
மோஜித் துறைமுகத்தில் பத்து நாள் படம் பிடித்தது.
இரண்டு குடும்பங்கள், ஒரு துறைமுகம், நிறையக் குழாய்மழை.
ஆள் போதாமல் கரையில் நின்றவர்களைக் கூப்பிட்டார்கள்.
ஆயிரத்தைந்நூறு யென், மீன் வைத்த சாப்பாட்டுப் பெட்டி.
கோட்டு ஒன்றை மாட்டிவிட்டுக்
கழுத்தோரம் ஒரு சின்னத்தைக் குத்தினார்கள்.
குளிரில் அவன் அதைக் குனிந்து பார்க்கவில்லை.
ஒன்றையொன்று வெட்டும் இரண்டு பருந்துச் சிறகு:
கடாகிரி குடும்பத்தின் சின்னம்.
படத்தில் பெயர்களை மாற்றியவர்கள்
சிறகை மாற்ற மறந்துவிட்டார்கள்.

தீக்குச்சி உரசி, இரு கையாலும் காற்றை மறைத்து
யாருக்கோ சிகரெட் பற்றவைக்கிறான். மூன்று நொடி.
"வெட்டிவிடுங்கள். யாருக்குத் தெரியப்போகிறது?"

மூன்று நொடிக்கு எழுபத்திரண்டு சட்டகம்.
கம்பெனிப் பொருள், கணக்கு உண்டு என்றேன்.
நான் ஒழுங்கானவள்.
கத்தரிக்கோல் அவன் கண்ணெதிரே ஆணியில் தொங்கியது.

ஞாயிறு மாட்னி.
இடப்பக்கம் இவாமுரோ, வலப்பக்கம் கடாகிரி,
நடுவழியை ஒட்டி ஒரு போலீஸ்காரர், மடியில் வேர்க்கடலையோடு.
கதாநாயகன் சுண்டுவிரலைத் தறிக்கும் கட்டத்தில்
இரு பக்கத்திலும் ஒரே சிரிப்பு.
விரல் மடங்கியிருப்பதை நிழல் காட்டிக் கொடுத்துவிட்டது.
அந்தச் சிரிப்பில் பகை இல்லை.
இழைப்புளியைத் தலைகீழாகப் பிடித்தவனைப் பார்த்துத்
தச்சர்கள் சிரிப்பார்களே, அப்படி.

மூன்றாவது ரீல் அறுந்தது.
இருட்டு.
நாற்பது பேரில் ஒருவரும் அசையவில்லை.
கடலை உடையும் சத்தம் மட்டும்.
ஒவ்வொரு உடைப்புக்கும் எங்கோ ஒரு மூச்சு நின்று வந்தது.
நைந்துபோன ஆறு சட்டகத்தை வெட்டி எறிந்துவிட்டு
ஒட்டினேன்.
யாரையும் கேட்கவில்லை.
அதே கத்தரிக்கோல்தான்.

பிறகு நாலாவது ரீல்.
மழை. தீக்குச்சி. இரண்டு சிறகு.
மூன்று நொடி இவ்வளவு நீளம் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.
வலப்பக்கம் ஒருவன் சீட்டியடித்தான்.
இடப்பக்கம், முன்வரிசைப் பெரியவர்
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
மடியிலிருந்த தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார்,
அவ்வளவே.

வாரநாளில் டிக்கெட் ஜன்னலும் என் பொறுப்பு.
பத்து நாள் கழித்து அதில் ஒரு கட்டுப்போட்ட கை நுழைந்தது.
சில்லறை அதில் நிற்கவில்லை. உருண்டது.
வெளியே போய்ப் பொறுக்கிக் கொடுத்தேன்.
"முகம் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது, இல்லையா அக்கா?"
என்றான்.
நான் மீதியை இரண்டு முறை எண்ணினேன்.

நாலாவது ரீல் வரை இருந்தான்.
அவன் மூன்று நொடி முடிந்ததும் எழுந்து போனான்.

பிரதி இப்போது கராட்சுப் பக்கம் எங்கோ ஓடுகிறது.
ஆறு குறைந்ததைப் பற்றிக் கம்பெனி
ஒரு வார்த்தை கேட்கவில்லை.
அங்கே, பகல் காட்சியிலும் இரவுக் காட்சியிலும்,
குழாய்மழையில் ஒருவன்
பத்து விரலாலும்
ஒரு சிறு தீயைப் பொத்திக்கொண்டு நிற்கிறான்.