கீல்

ஞாயிறு பிரசங்கத்துக்கு வெள்ளத்தையே எடுத்திருந்தேன்.
அதுதான் பிழை.
கந்தன்பட்டறையில் இடுப்பளவு நின்றுவிட்டு
நேற்றுத்தான் இறங்கியிருக்கிறது காவிரி.
சபையில் பாதிப்பேர் பள்ளிக்கூடத்து முகாமில்.

இரவு மின்சாரம் இல்லை.
செல்பேசியின் கடைசிப் பதினொரு சதவீதத்தில்
களிமண் பலகை ஒன்றைப் படித்தேன்.
நம்முடையதற்கு ஆயிரம் வருஷம் மூத்ததாம்.
அதிலும் ஒருவனுக்கு மட்டும் சேதி வருகிறது,
சுவரிடம் பேசுவதுபோல் பேசுகிறது தெய்வம்,
மற்றவர் காதில் விழாதபடிக்கு.
அதிலும் கீல். அதிலும் பறவைகள்.
அதிலும் ஒரு மலைமேல் தட்டி நிற்கிறது.
கீலுக்கு அவர்கள் சொன்ன சொல்லும்
எபிரேயர் சொன்ன சொல்லும்
ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

படகு மட்டும் அங்கே வட்டம்.

காலையில் கூடுதுறைப் பக்கம் சென்னியப்பன்
பரிசலைக் கவிழ்த்துப்போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தான்.
பெட்டி மாதிரிக் கட்டினால் என்ன, என்றேன்.
நிமிராமலே சொன்னான்:
"மூலைக்கு மூலை தண்ணி புடிச்சு இழுக்குமுங்க பாஸ்டரய்யா.
எங்கியாச்சும் போகோணும்னாத்தான் மூக்கு வேணும்.
சும்மா மெதந்து கெடக்கறதுக்கு
வட்டந்தானுங்க."
முந்நூறு முழத்தை
நான் அவனிடம் எடுக்கவில்லை.

முகாமில் இரண்டு நோட்டுகள்.
கிராம நிர்வாக அலுவலர் எழுதுவது ஒன்று,
எங்கள் வாலிபர் சங்கம் எழுதுவது ஒன்று.
அதில் பாவாயி, இதில் பாப்பாயி.
அதில் ஆடு நாலு, இதில் ஏழு.
அதில் தண்ணீர் வந்தது நடுச்சாமம்,
இதில் கோழி கூப்பிட.
யாரைப் பார்த்து யார் எழுதியது என்று
வரிசையில் நின்ற ஒருவரும் கேட்கவில்லை.
பாவாயி மட்டும் என்னிடம் வந்து,
"ஒரு சோடிகூட மிஞ்சலீங்க" என்றாள்.

சோடி.
பிரசங்கம் அந்த இடத்தில் நின்றுபோனது.

களிமண்ணில் காரணம் வேறு:
மனிதர் போட்ட சத்தத்தில் தெய்வங்களுக்குத் தூக்கம் கெட்டதாம்.
நமக்கு, பாவம்.
நூற்றுப்பத்துப் பேர், நாலு கழிப்பறை,
பால் கேட்டு அலறும் பிள்ளைகள்.
இரண்டில் எதை நான் இங்கே வாய்விட்டுச் சொல்ல?

ஆனால் அங்கே, எல்லாம் மூழ்கிய பின்
ஒரு பெண் தெய்வம் உட்கார்ந்து அழுகிறாள்,
பெற்றதெல்லாம் மீன்குஞ்சாய் மிதக்கிறதே என்று.
நம் பக்கத்தில் அந்த அழுகை இல்லை.
தேடினேன், நாலு தடவை.
நம்மவர் மனம் நொந்தது முன்னால்.
பின்னால் இருப்பது பலியின் வாசனை;
அது இரண்டிலும் இருக்கிறது.

பறவைக் கணக்கும் உதைக்கிறது.
இங்கே காக்கை முதலில், பிறகு புறா.
அங்கே புறா முதலில், காக்கை கடைசியில்.
அதற்குத் தீனி கிடைத்தது,
அதனால் திரும்பவில்லை.

வரும் வழியில், படித்துறைச் சேற்றைக் கையால் வழித்து
இலை போட்டு, யாரோ தகப்பனுக்குப் பிண்டம் வைத்துவிட்டு
கா கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.
வரவில்லை.
வெள்ளம் வடிந்த ஊரில்
காக்கைக்கா தீனிக்குப் பஞ்சம்?

திதி கொடுக்காத குடும்பம் எங்களுடையது.
இருந்தும் நின்றேன்,
அவர்களோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்தபடி.
கரையெல்லாம் சென்னியப்பனின் தார் நாற்றம்.
உள்ளே பூசியாகிவிட்டது போல,
புறத்துக்கு வந்திருந்தான்.