‘ஆல்’ விகுதி

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ், மூன்றாம் மாடி.
காலர் வரிசைக்கு மட்டும் நாற்பது அட்டைகள் கொடுத்தேன்.
ஒரு பக்கம் கன்னடம், மறுபக்கம் தமிழ்.
ஒரே வாக்கியம், இரண்டு வெற்றிடம்:
“………ஆல், நான் ……… செய்வேன்.”

இவ்வளவுதான் என் ஆராய்ச்சி.
‘இன்று நன்றாக உழைப்பேன்’ என்பவள்
பத்து மணிக்குள் மறந்துவிடுகிறாள்.
‘பாபின் தீர்ந்தால் அடுத்ததை எடுப்பேன்’ என்பவளுக்குக்
கையே ஞாபகம் வைத்துக்கொள்கிறது.
மன உறுதியைத் தேடி அலைய வேண்டாம்,
ஒரு விகுதி போதும்.
அப்படித்தான் நம்பினேன், இப்போதும்
பாதி நம்புகிறேன்.

லக்கெரேயிலிருந்து நடந்தே வரும் முனிரத்னா எழுதினாள்:
ஊசி உடைந்தால், எழுந்து ஓடாமல் கை தூக்குவேன்.
ஜபீனா: தூக்கம் வந்தால், நாக்கைக் கடிப்பேன்.
கெம்பம்மாவுடையதை யாரோ உரக்கப் படித்தார்கள்:
சூப்பர்வைசர் கத்தினால், தையலை எண்ணுவேன்.
வரிசையே சிரித்தது.
அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் ஸ்டாப்வாட்சோடு நின்றேன்.
என் கால்கள் வீங்கின, வரைபடம் ஏறியது.
மணிக்கு ஐம்பத்தெட்டு காலர்
அறுபத்திமூன்றானது.
மேனேஜர் தன் கையாலேயே காபி கொண்டுவந்து கொடுத்தார்.

திங்கட்கிழமை போர்டில் புது எண்:
டார்கெட் 65.

நான் போய்க் கேட்கவில்லை.
அநியாயம் கண்டால் என்ன செய்வேன் என்று
எனக்கு யாரும் அட்டை கொடுத்திருக்கவில்லை.

கடைசி நாளில் முப்பத்தேழு அட்டைகள் திரும்பின.
மூன்று பேர் வேலையை விட்டிருந்தார்கள்.
ஒன்றில் மட்டும் பெயர் இல்லை. பென்சில் எழுத்து,
எண்ணெய்க் கறை:
“நான் வேகமாகத் தைத்தால் டார்கெட் ஏறினால், நான் ……… செய்வேன்.”
ஒரே மூச்சில் இரண்டு ஆல்.
அதன்பின் காலியான கோடு,
அழித்து அழித்துக் காகிதம் தேய்ந்த கோடு.

விதி தெளிவானது: முழுமையற்ற பதில், நீக்குக.
நீக்கினேன்.
முப்பத்தாறு பேரின் சராசரி அழகாக வந்தது.

என் அறைச் சுவரிலும் ஓர் அட்டை உண்டு:
இரவு ஒன்பதானால், மூன்றாம் அத்தியாயம் எழுதுவேன்.
ஒன்பதாகிறது.
பாத்திரம் கழுவுகிறேன்.

போன வியாழன் கொரகுண்டேபாளையா சிக்னலில்
டிபன் டப்பாவை இடுக்கிக்கொண்டு முனிரத்னா.
“அந்தக் கார்டெல்லாம் என்ன ஆச்சு மேடம்?”
“எழுதிக்கிட்டிருக்கேன்.”
“எழுதி முடிச்சா?”

பேச்சில் லகரம் உதிர்ந்துவிடும்,
வாக்கியம் பாதியில் நிற்கும்.
பச்சை விழுந்தது. சாலையைக் கடந்து
போய்விட்டாள்,
எட்டரை ஷிஃப்டுக்கு.