இருபது லிட்டர்

ஐப்பசியில் மழையில்லாத ஒரு ஞாயிறு
சம்பளத்தில் நூறு ரூபாய் கூடுதலாக வந்த மாதிரி.
யாரோ கணக்கில் பிசகிவிட்டார்கள்.
திருப்பிக் கேட்பதற்குள்
செலவழித்துவிட வேண்டும்.

காட்டுக்குப்பத்தில் கயாக்கை இறக்கினேன்.
இரண்டு பேர் உட்காரும் ஆரஞ்சுப் படகு.
கோவளத்தில் ஒரு ரிசார்ட் மூடியபோது
டெல்ஃபினும் நானும் சீட்டுப் பணத்தில் வாங்கியது.
டெல்ஃபின் இப்போது குவைத்தில்
பிள்ளைகளுக்குப் பல் பிடுங்கும் இடத்தில்
விளக்கு பிடிக்கிறாள்.

முன்னிருக்கை காலியாக இருந்தால்
மூக்கைத் தூக்கிக்கொண்டு
காற்று சொன்ன பக்கம் திரும்பும் படகு.
அதனால் அவள் இடத்தில் ஒரு தண்ணீர் கேன்.
இருபது லிட்டர், பெல்ட் போட்டுக் கட்டியது.
மணலி எடைமேடையில் வாரம் ஆறு நாள்
லாரிகளுக்குக் காலி எடை, பார எடை பதிகிறவள் நான்.
ஒரு கேன் டெல்ஃபினில் பாதிகூட வராது
என்று எனக்குத் தெரியாதா.

பூண்டியில் மதகு திறந்திருந்தார்கள்.
மேற்கே எந்த வயலையோ தொட்டுவந்த செம்மண்
டீ நிறத்தில் இறங்கி
இங்கிருக்கும் சாம்பலோடு சேராமல்
ஒரு கோடு கிழித்துத் தனியே ஓடியது கொசஸ்தலையில்.
அந்தக் கோட்டின் மேலேயே போனேன்.
இடது துடுப்பில் செம்மண்.
வலது துடுப்பில் சாம்பல்.

அனல்மின் நிலையத்து வாய்க்கால் கலக்கும் இடத்தில்
விரலை விட்டால் வெதுவெதுப்பு.
கூதிர் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம்,
வாடை, குளிர், ஒடுங்கி நிற்கும் பறவை.
இங்கே கூதிருக்கு
வெந்நீர் போட்டு வைத்திருக்கிறார்கள்.
குழாய் மேல் ஒரு நீர்க்காகம்
ஒடுங்காமல்
இரண்டு சிறகையும் விரித்துக் காயப்போட்டிருந்தது.

அப்புறம் படகு நின்றது.
சத்தமே இல்லை. மாவில் கை இறங்குவது போல.
வத்தம் ஆரம்பிக்கும் நேரத்தைத்
தப்பாகக் கணக்குப் போட்டிருந்தேன்.
துடுப்பை ஊன்றினால் துடுப்பு போகிறது,
போய்க்கொண்டே இருக்கிறது.

பத்தடி தள்ளி
கழுத்துவரை தண்ணீரில் மண்டியிட்டு
இறால் தடவிக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
பறியின் கயிறு பல்லிடுக்கில்.
"அக்கா, ஆழம் எந்தப் பக்கம்?"
வாயைத் திறந்தால் காலை முழுக்கப் பிடித்தது போய்விடும்.
முகவாயால் இடது பக்கம் காட்டினாள்.
பிறகு கேனைக் காட்டினாள்.
நகர்ந்து வந்து பறியைப் படகில் வைத்த பிறகுதான் பேச்சு.
"அத்த எறக்கு மொதல்ல."
"அது இல்லன்னா படகு ஒழுங்கா போவாதுக்கா."
"இப்ப மட்டும் போவுதா?"

கேட்டு வாங்கிக் குடித்தாள்.
கண்ணில் இருந்த உப்பைக் கழுவினாள்.
மட்டி கிழித்த விரல்களை நீட்டினாள், ஊற்றினேன்.
தூரத்தில் இன்னும் இரண்டு தலைகள்
தண்ணீர் மேல் மிதந்து வந்தன, அவர்களுக்கும்.
மீதியை ஆற்றில் கவிழ்த்தேன்.
நாற்பது ரூபாய்த் தண்ணீர்
நாலு குமிழியாகப் போனது.
ஆறு ஒரு நூல்கூட ஏறவில்லை.
படகு அசைந்தது.

இடது பக்கம், அவள் சொன்ன ஆழத்தில்
விளிம்பைப் பிடித்து ஏறிக்கொண்டாள்.
"பாலத்தாண்ட உட்டுடு."
பேர் தேசம்மாவாம்.
படகு மூக்கை இறக்கி நேராயிற்று.
ஆனால் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள்,
போகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டி.
இரண்டு வருடமாக
டெல்ஃபினின் முதுகையும் கொண்டையையும்
பார்த்தே துடுப்புப் போட்டவள் நான்.
படகில் எதிரே ஒரு முகம் இருந்தால்
எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.
பறிக்குள் இறால்கள்
விட்டு விட்டுத் துள்ளும் சத்தத்தைப் பார்த்தேன்.

என் தோளுக்குப் பின்னால்
எதையோ கவனித்து
"வருது" என்றாள்.
மழையா, பாலத்தில் ரயிலா
என்று கேட்பதற்குள்
இரண்டும் வந்தன.