விலக்க வந்தவன்

கைகலப்பு மூண்டால் நடுவர்
முதலில் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாதிருப்பது.
விசிலை ஊதிவிட்டு நாலடி பின்வாங்கு.
கண்ணை மட்டும் உள்ளே அனுப்பு.

ஷிலாலே, பிப்ரவரி.
பள்ளிக்கூட உள்ளரங்கில் ஒரு ஹீட்டர் செத்துவிட்டது.
நூற்றுச் சொச்சம் பேர், ஒருவரும் கோட்டைக் கழற்றவில்லை.
கடைசிக் கால்பகுதி. மீதி இரண்டு நிமிடம் பதினொரு வினாடி.
அறுபத்தெட்டு, அறுபத்தேழு.
இந்த மாதிரி எண்களில்தான்
முழங்கைகள் தாமாக நீளும்.

தௌரகே அணியின் எட்டாம் எண் பந்துக்குப் பாய்ந்தான்.
பந்து போய்விட்டிருந்தது.
அது இருந்த இடத்தில் எய்முதிஸ் நோர்புதஸின் தாடை இருந்தது.
எய்முதிஸ் திருப்பிக் கொடுத்தான்,
கடனை வைத்துக்கொள்ளாத குடும்பம்.
இரண்டு கை, நாலு கை,
அப்புறம் கணக்கில் அடங்காத கைகள்.

அல்விதஸ் நடுவே புகுந்தார்.
மர லாரி ஓட்டுகிறவர், தோள் அப்படி.
எங்களுக்குள் பழைய ஒப்பந்தம்:
கைகளை அவர் பார்ப்பார்,
கால்களை நான்.
பகலெல்லாம் பாலாடைக்கட்டி ஆலையில்
துளைகளை எண்ணுகிறவள். எண்ணுவது பழக்கம்.

பெஞ்சிலிருந்து பயிற்சியாளர் எழுந்து வரலாம், அடக்குவதற்கு.
அவருடைய முதல் துணையாள் வரலாம்.
வேறு யாருடைய காலும் வரக் கூடாது.
தௌரகே பக்கம் இரண்டு பேர் வந்தார்கள்:
செம்பட்டைத் தலை ஒன்று,
முழங்காலில் ஐஸ் பை கட்டியிருந்த இன்னொன்று.
பை அவிழ்ந்து தரையெல்லாம் கட்டிகள்.
மூன்றாமவனின் கட்டைவிரல்
கோடுவரை வந்து, யோசித்து, திரும்பியது.
அவனை விட்டுவிட்டேன்.

ஷிலாலே பக்கம் ஒருவன்தான்.
பதினான்காம் எண். ஸ்கிர்மான்தஸ், எய்முதிஸின் தம்பி.
இந்த சீசன் முழுக்க ஒரு நிமிடம் ஆடாதவன்,
மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தான்.
யாரையும் தள்ளவில்லை, ஒரு வசவு இல்லை.
பின்னாலிருந்து அண்ணனைக் கட்டிப்பிடித்து,
மூட்டையைப் போலத் தூக்கி,
காதில் சொன்னான்:
"போதும்டா. வண்டிச் சாவி என்கிட்ட இருக்கு."

எதற்கு வந்தான் என்று விதி கேட்பதில்லை.
வந்தானா என்றுதான் கேட்கும்.

மேசையில் ஜிவிலே பேனாவின் நிறத்தை மாற்றினாள்.
எட்டு வெளியே. ஐந்து வெளியே.
செம்பட்டை, ஐஸ் பை, இருவரும் வெளியே.
பதினான்கு.
"அவன் விலக்கத்தானே வந்தான்!" என்று
பயிற்சியாளர் கஸ்பராஸ் மேசையைத் தட்டினார்.
ஆமாம், அதனால்தான் அவனையும் விலக்குகிறேன்
என்று நான் சொல்லவில்லை.
நல்லவேளை, வாயில் விசில்.
ஸ்கிர்மான்தஸின் பெயருக்கு நேரே
ஆண்டு முழுக்க வெறுமையாய்க் கிடந்த ஐந்து கட்டங்களும்
ஒரே மூச்சில் நிரம்பின.

பிறகு கழித்தல்.
அடித்தவனுக்கு அடித்தவன் சரி.
இரண்டு பேர் இறங்கினாலும் ஒருவன் இறங்கினாலும்
பெஞ்சுக்கு ஒரே தண்டனை,
ஆகவே பெஞ்சுக்குப் பெஞ்சும் சரி.
இலவச வீச்சு யாருக்கும் இல்லை.
சண்டை தொடங்கியபோது பந்து யாரிடம்? ஷிலாலேயிடம்.
ஓரக்கோட்டிலிருந்து உள்ளே போடட்டும்.
கடிகாரம் அதே இரண்டு பதினொன்று,
ஒன்றுமே நடக்காத மாதிரி.
தண்டனைகள் கழிந்துபோயின.
ஐந்து பையன்கள் மட்டும் கழியாமல்
உடைமாற்றும் அறைப் பக்கம் நடந்தார்கள்.
துடைப்பத்தோடு வந்த பெண்மணி
ஐஸ் கட்டிகளைக் கூட்டி முடிக்கும்வரை
பந்தைக் கக்கத்தில் வைத்திருந்தேன்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தால்
பனியில் ஒரு பழைய ஆடி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.
ஓட்டும் இருக்கையில் தம்பி.
பக்கத்தில் தாடைமேல் துண்டோடு அண்ணன்.
கண்ணாடியை இறக்கினான்.
திட்டப் போகிறான் என்று நின்றேன்.
"யாரு ஜெயிச்சாங்க?"
"தௌரகே. ஒரு புள்ளி."
தலையாட்டினான். கண்ணாடியை ஏற்றினான்.

இரவு அறிக்கைத் தாள். விளக்கத்துக்கு மூன்று வரி.
பதினான்காம் எண் பெஞ்சைவிட்டு மைதானத்துக்குள் நுழைந்தார்,
என்ன நேரம், எந்தப் பக்கம்,
தகுதிநீக்கம். வரிகள் தீர்ந்தன.
யாரும் கேட்காத நாலாவது வரியை
தாளைத் திருப்பி வைத்து
ஓரத்தில் செங்குத்தாக எழுதினேன்.