அறுபது இலக்கம்

யாங்கோனில் எங்கள் தெருவுக்கு இன்று
மின்சாரம் இரவு ஒன்றிலிருந்து ஐந்து வரை.
மாடிக்கு மாடி தண்ணீர் மோட்டார் விழிக்கிறது.
குக்கரில் அரிசியைப் போட்டுவிட்டு
மடிக்கணினியைத் திறக்கிறேன்.

இதற்குள் பல அறைகள்.
ஓர் அறையில் நடப்பது அடுத்த அறைக்குத் தெரியாது.
கடைக் கணக்குக்கு மஞ்சள் விளிம்பு,
கண்ட இடத்திலும் மேயும் உலாவிக்குச் சிவப்பு.
புதிதாக ஒன்று, கறுப்பு விளிம்பு, கட்டினேன்.
பெயர் கேட்டது. உளுந்து என்று வைத்தேன்.

எனக்கே பெயர் இரண்டு.
அடையாள அட்டையில் டின் டின் மூ,
காளி கோயில் அர்ச்சனைச் சீட்டில் குமுதவல்லி.
எந்த அறையில் எந்தப் பெயர் என்பது
ஐம்பத்தொரு வருஷத்துப் பழக்கம்.

செயலியை நேராக அந்த அறையில் நிறுவக் கூடாது.
வார்ப்பு அறையில் நிறுவ வேண்டும்.
அங்கே இணையம் இல்லை, ஒரு துளை மட்டும் உண்டு.
முதலில் சாவி, பிறகு களஞ்சியம், பிறகுதான் செயலி.
வரிசையை மாற்றினேன்.
நம்பகமற்றது என்றது.
மறுபடி மாற்றினேன், வேறு விதமாக.
மறுபடி அதையே சொன்னது, அதே குரலில்,
கோபமே இல்லாமல்.
மூன்றாம் முறை மணி மூன்று நாற்பது.
முப்பத்தெட்டு சதவீதத்தில் நின்றது.
நான் போய்ச் சோற்றைக் கிளறிவிட்டு வந்தேன்.

சூலே பாலத்தடியில் சிப்பாய்
கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் கைபேசி வேறு.
அதில் மோஹிங்கா சமையலும் பங்குனித் தீமிதியும்தான்.
இது மற்றது,
பருப்பு மாதிரிப் பொட்டலங்களுக்கு அடியில்
தகர டப்பாவில் தூங்குவது.
எடுத்து, உளுந்துத் தூசியை ஊதி,
திரையில் தோன்றிய கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்கு நேரே பிடித்தேன்.
கை கொஞ்சம் நடுங்கியது.
ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொண்டன.

அந்தப் பக்கம் லூர்துராணி.
ஆற்றுக்கு அப்பால் மேசோட்டில், மருந்தகத்தில்.
அவள்தானா, இடையில் வேறு யாருமா?
அறுபது இலக்கத்தை ஒப்பிட்டால் தெரியும்,
ஐந்தைந்தாகப் பன்னிரண்டு.
ஆனால் சந்தேகப்படுகிற வழியிலேயே
சந்தேகத்தைக் கேட்டால் யார் பதில் சொல்வது?

காலையில் கடைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.
உரக்கவே பேசினேன்.
லாரி எடை எழுதிக்கோ என்றேன்.
முதல் வண்டி நாற்பத்தோராயிரத்து இருநூற்று எட்டு.
அடுத்ததை அவள் சொன்னாள். சரியாக இருந்தது.
இப்படி மாற்றி மாற்றி, ஆறு வண்டி.
ஏழாவது பூஜ்யத்தில் தொடங்கியது.
பூஜ்யத்தில் தொடங்கும் எடை எந்த லாரிக்கு உண்டு?
வாய் உலர்ந்தது.
காலி வண்டி, என்றேன், பின்னால் மூவாயிரத்துப் பதினேழு.
அந்தப் பக்கம் சத்தமில்லை.
கம்பியில் மழை இரைச்சல் மட்டும்.
பிறகு சிரித்தாள்.
ஆமாம் அக்கா, காலி வண்டிதான் வந்துச்சு.

எதிர் மேசையில் சின்ன ராவுத்தர்
பன்னிரண்டையும் நோட்டில் குறித்திருந்தார்.
என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர்,
தொழிலுக்கு வந்து இரண்டு வருஷம்.
குறித்தால் குறிக்கட்டும், அந்த எண் ரகசியமில்லை.
ரகசியத்துக்குச் சாட்சி, அவ்வளவுதான்.
இருந்தும் மத்தியானம் வரை
கூட்டல் கணக்கு எனக்குச் சரியாக வரவில்லை.

கடை அடைக்கும்போது தாளைக் கிழித்தார்,
கசக்கி, குடித்து முடித்த தேநீர்க் கோப்பையில் போட்டார்.
என்னைப் பார்க்காமல் சொன்னார்:
"அடுத்த தடவை மூட்டைக்கு என்ன விலைன்னும் கேளுங்க.
வெறும் எடையை மட்டும் பேசுறவன்
உளுந்து வியாபாரி இல்லை."

இரவு ஒரு மணி.
மோட்டார்கள் விழித்தன.
கறுப்பு விளிம்புக்குள் ஒரே ஒரு வரி:
மருந்து வந்து சேர்ந்தது. ஊசி குறைவு.
எத்தனை குறைவு என்று கேட்டேன். சொன்னாள்.
அதை எங்கும் எழுதவில்லை, மனசில் வைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால்
வரி இல்லை, பதில் இல்லை.
குக்கரில் சோறு இருந்தது.
சூடாகவே.