இரண்டாம் பக்கம்

இங்கிலீசோ தமிழோ
எல்லாப் புத்தகத்திலும் அது இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கும்.
எழுத்துமூல அனுமதி இல்லாமல்
எந்தப் பகுதியையும் பிரதி செய்தல் ஆகாது.
அதையும் சேர்த்துத்தான் அடிக்கிறேன்.
ஒரு பக்கம் விடுபட்டாலும்
பெடியள் எண்ணிப் பார்த்துத் திரும்பி வருவாங்கள்.

அறிவியல் நகரில் தகரம் போட்ட கடை.
லீசிங்கில் எடுத்த மெஷின்.
சோதனைக் கிழமையில் அது கொதிக்கும்;
மூடியைத் திறந்து
பழைய வினாத்தாள் கட்டால் விசிறுவேன்.

வெளிநாட்டில் அச்சடித்த மண் பொறியியல்
இருபத்தெட்டாயிரம் ரூபா.
வட்டக்கச்சியில் துவாரகனின் அப்பா நெல் வித்த காசு
உரக்கடையோடு முடிஞ்சுபோச்சு.
அவனிட்ட நான் ஆற்றை உரிமையைப் பற்றிக் கதைக்கிறது?
எழுதினவனும் சோறு தின்னுறவன்தான்.
ரெண்டையும் நினைச்சபடி
பச்சைப் பொத்தானை அமத்துவேன்.

செவ்வாய்க்கிழமை, கரண்ட் போன நேரம்,
ஸ்கூட்டியை நிப்பாட்டிவிட்டு ஒரு மனிசி வந்தா.
"குளக்கட்டும் மண்ணும் இருக்கா?"
இருந்தது. முதல்நாள் அடிச்சது ஏழு,
சுருள்கம்பி கட்டி.
வாங்கி, இரண்டாம் பக்கத்தைத் திறந்து
பெயரில் விரலை வைச்சா.
"இது நான்."

பொலிஸ், வழக்கு, லீசிங்காரன்
எல்லாம் ஒன்றாய் வந்து முன்னால் நின்றது.
வாயில் வந்ததோ, "இருங்கோ மிஸ்."

முந்நூறு அச்சடிச்சவவாம்.
இருநூற்றுப் பதினாறு இன்னும் கட்டிலுக்குக் கீழே.
போன மாரியில்
கீழ்ப்பெட்டிக்கு ஈரம் ஏறிட்டுதாம்.
எண்ணூற்றைம்பது அவவின்ர விலை.
முந்நூற்றுத் தொண்ணூறு என்ர.
கோபமாய்ச் சொன்னமாதிரியும் இல்லை,
இல்லாதமாதிரியும் இல்லை.

தாள்களைத் தட்டிக்கொண்டு போனவ
நூற்றுப்பன்னிரண்டில் நின்றா.
கட்டின் சாய்வை ஆரோ ஒரு பிள்ளை
பென்சிலால் வெட்டித் திருத்தி
ஓரத்தில் கணக்குப் போட்டிருந்தது.
பென்சிலும் பிரதியில் விழுந்திருந்தது,
புத்தகத்தைப் பிடிச்ச
என்ர பெருவிரலின் நிழலோடு.

என்ர பேனையை வாங்கி
ரசீதுக் கொப்பியின் பின்மட்டையில்
நின்றபடியே போட்டுப் பார்த்தா.
இரண்டு தரம்.
"ஆற்றை புத்தகம் இது, நீங்கள் அடிக்கிறது?"
"தெரியாது மிஸ். கைமாறிக் கைமாறி வந்தது."

கனநேரம் பேசேல்லை. றோட்டில்
உழவு மெஷின் ஒன்று பெட்டியோடு போனது.

ஒன்றை எடுத்துக்கொண்டா.
காசு வேண்டாம் என்றேன்.
முந்நூற்றுத் தொண்ணூறையும் எண்ணி,
சில்லறையோடு, மேசையில் வைச்சா.
படியிறங்கிப் போய்த் திரும்பி,
"நூற்றுப்பன்னிரண்டைக்
கொஞ்சம் கறுப்பாய் அடியுங்கோ" என்றா.

கரண்ட் வந்ததும்
மையை இரண்டு புள்ளி கூட்டி வைத்தேன்.
இரண்டாம் பக்கத்துக்கும் சேர்த்து.